ஜெர்மனியில் முதுகலை: அட்மிஷன் கடிதம் வந்த பிறகு எதை முதலில் செய்வது?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டில் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு. கிளம்புவதற்குள் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?"

வரிசையைக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு காகிதமும் இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்பதைப் பட்டியல் சொல்லாது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் (ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கிக் காட்டும் கணக்கு) வேண்டும். அதில் பணம் போட வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகும் இதே சங்கிலிதான்: வீடு இல்லாமல் முகவரிப் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் ரெசிடென்ஸ் பெர்மிட் (அங்கே தங்கிப் படிக்கும் அனுமதி) இல்லை. எனவே எது அதிக நாள் இழுக்குமோ அதை முதலில் தொடங்குங்கள். விமான டிக்கெட்டும் பெட்டியும் கடைசி வாரத்து வேலை.

முதலில் அட்மிஷன் கடிதத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். அதில் மூன்று தேதிகள் இருக்கும்: இடத்தை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவிக்கும் கடைசி நாள், சேர்க்கைப் பதிவின் கடைசி நாள், வகுப்பு தொடங்கும் நாள். முதல் தேதியைத் தவறவிடுபவர்கள் நிறைய. போர்ட்டலில் ஒரு பொத்தானை அழுத்தாததால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காகிதத்தில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கினாலும், பல்கலைக்கழகங்களில் விரிவுரைகள் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும். ஹோக்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளில் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. விசா தாமதமாகும்போல் தெரிந்தால் சேர்க்கைத் தேதியை நீட்டித் தரச் சொல்லி இன்டர்நேஷனல் ஆபீசுக்கு உடனே எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள்" என்றால் பெரும்பாலும் நடக்காது, மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

அதே கடிதத்தில் நிபந்தனைகள் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பி.இ. பாடத்திட்டத்தில் கணிதமோ கட்டுப்பாட்டியலோ போதவில்லை என்று தோன்றினால், இளநிலைப் பாடங்கள் இரண்டு மூன்றைக் கூடுதலாக எழுதித் தேற வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள். ஆவ்ஃப்லாகன் என்பார்கள். அதற்குத் தனிக் கெடு உண்டு, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். பட்டச் சான்றிதழ் இன்னும் வராமல் ப்ரொவிஷனல் சான்றிதழை வைத்து விண்ணப்பித்திருந்தால், அசல் பட்டத்தை எந்தத் தேதிக்குள் காட்ட வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். நம் பக்கத்துப் பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும் வேகம் தெரிந்ததுதானே.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுப்ரமணியன்", இன்னொன்றில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும். இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு அலுவலர் மூன்றையும் மூன்று ஆட்களாகப் படிப்பார். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் சிக்கல் இன்னும் வளரும். ஒவ்வொரு போர்ட்டலும் அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும், நீங்களும் இடத்துக்கு இடம் வேறு வேறாக நிரப்பிவிடுவீர்கள். நாள் இருந்தால் இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு வாங்கிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். நாள் இல்லையென்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், எல்லா இடத்திலும் எழுதுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

ஏ.பி.எஸ். சான்றிதழ்: 2022 நவம்பர் முதல் இந்தியாவில் படித்தவர்களின் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். உங்கள் பட்டம் உண்மையானதுதானா, ஜெர்மனியில் உயர்கல்விக்குத் தகுதியானதா என்று சரிபார்த்துத் தரும் காகிதம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே கேட்பதால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். இல்லையென்றால் மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்றைக்கே அதற்கு விண்ணப்பியுங்கள். சில வாரங்கள் ஆகும், அதை வேகப்படுத்த வழியில்லை. ஏதாவது ஒரு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல் விடுபட்டாலோ ஸ்கேன் மங்கலாக இருந்தாலோ விளக்கம் கேட்டு அஞ்சல் வரும், பதில் போகும்வரை கோப்பு நகராது. அரியர் எழுதித் தேறிய பட்டியல்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

இனி பணம். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை பிளாக்டு அக்கவுண்டில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அந்தத் தொகை அவ்வப்போது உயரும். எனவே பணம் அனுப்பும் அன்று தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூரோ 100 ரூபாயை ஒட்டி நிற்கும் நிலையில் ஏறத்தாழ 12 லட்சம். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கொராகிள் என்று சில நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் திறந்து தருகின்றன. திறக்க ஓரிரு நாள் போதும். இழுப்பது கடன்தான். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் தருவார்கள், அதற்கு மேல் பெரும்பாலும் சொத்துப் பிணை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் வருகை என்று ஒரு மாதம் சாதாரணமாகப் போகும். சொத்து இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அந்த வழி இந்த ஆண்டுக்கு ஆகாது, வேறு வழி பார்க்க வேண்டியதுதான். கடன் ஒப்புதல் கடிதத்தை மட்டும் காட்டி விசா வாங்கலாம் என்று நம்பாதீர்கள். பணம் கணக்கில் போய்ச் சேர்ந்த உறுதிச்சான்றுதான் கேட்பார்கள்.

பணம் அனுப்பும்போது நடக்கும் ஒரு தவறு: இடைத்தரகு வங்கி 20, 30 யூரோ பிடித்துக்கொள்ள, 11,904-க்குப் பதில் 11,880 போய்ச் சேரும். தொகை முழுமையாகாததால் உறுதிச்சான்று வராது, குறைந்த தொகையை மறுபடி அனுப்ப இன்னொரு வாரம், இன்னொரு கட்டணம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவம் நிரப்பும்போது எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறியுங்கள், கணக்கு நிறுவனம் சொல்லும் உபரித் தொகையையும் சேர்த்து அனுப்புங்கள். டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாடு அனுப்பினால் டி.சி.எஸ். பிடிக்க மாட்டார்கள். வங்கியின் கல்விக்கடன் பணமென்றால் அதற்கு மேலும் இல்லை. சொந்தப் பணமென்றால் 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்குப் பிடிப்பார்கள். அது யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறதோ, அவர் வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும். எனவே அப்பா கணக்கிலிருந்து அனுப்புவதா, அம்மா கணக்கிலிருந்தா என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தின் வழியாகப் போகிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தை இணையவழியில் சமர்ப்பிக்கும் வசதியும் வந்துவிட்டது. கட்டணம் 75 யூரோ. நீங்கள் கேட்க வேண்டியது தேசிய விசா. சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவில் போய் அங்கே மாணவராக மாறிக்கொள்ள முடியாது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும், ஆகவே அட்மிஷன், ஏ.பி.எஸ்., பிளாக்டு அக்கவுண்ட் மூன்றும் கையில் வந்த நாளே விண்ணப்பியுங்கள். நோக்கக் கடிதத்தை ஏஜென்ட்டிடம் எழுதி வாங்காதீர்கள். "ஜெர்மனி பொறியியலின் தாயகம்" என்று தொடங்கும் கடிதங்களை விசா அலுவலரின் மேசை தினமும் பார்க்கிறது. உங்கள் ப்ராஜெக்ட் என்ன, இந்தப் படிப்பின் எந்த மாடுல் (பாடப் பகுதி) அதோடு ஒட்டுகிறது, இடையில் இரண்டு ஆண்டு வேலையோ சும்மாவோ இருந்திருந்தால் அது ஏன் என்பதை ஒரு பக்கத்தில் நேராக எழுதுங்கள். முன்பெல்லாம் மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே இலவசமாக மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அது கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் முறையே கோப்பு ஒழுங்காக இருப்பது அதனால்தான் இப்போது இன்னும் அவசியம்.

அறை தேடுவதை விசா வந்த பிறகு தொடங்கலாம் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அட்மிஷன் வந்த நாளே ஷ்டுடீரெண்டென்வெர்க் எனும் மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், சில ஊர்களில் அட்மிஷனுக்கு முன்பே ஏற்பார்கள். மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்பு செமஸ்டர் கணக்கில் ஓடும். கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களில் அந்தத் தொல்லை குறைவு. தனியார் அறை பார்க்கும்போது வாடகை குளிரா சூடா என்று கேளுங்கள். குளிர் வாடகை வெறும் இடத்துக்கு, சூடு வாடகையில் வெப்பமூட்டலும் தண்ணீரும் சேரும், வித்தியாசம் 100 யூரோவுக்கு மேல்கூட வரலாம். முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று சொல்பவர் மோசடிக்காரர். இதில் விதிவிலக்கே கிடையாது. நேரிலோ, அங்கே படிக்கும் சீனியர் வழியாகவோ அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

நிரந்தர அறை கிடைக்காவிட்டால் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தற்காலிக அறை எடுக்கலாம். ஆனால் அங்கே முகவரிப் பதிவுக்கு ஒப்புக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் எடுத்த மலிவான அறை, அதன் பின்னால் உள்ள எல்லாக் காகிதத்தையும் நிறுத்திவிடும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும். 30 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்களுக்கு அரசு முறைக் காப்பீடு மாதம் ஏறத்தாழ 140 முதல் 150 யூரோ வரை வரும். 40 யூரோவுக்கு ஒரு தனியார் பாலிசி இருக்கிறதே என்று அதில் சேர்ந்து, அரசு முறையிலிருந்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பிப் போக முடியாது. பல் வலிக்கும்போதுதான் அந்தப் பாலிசியில் எதெல்லாம் இல்லை என்று தெரியவரும். அரசு முறைக் காப்பீட்டை இந்தியாவிலிருந்தே பதிவு செய்யலாம். நீங்கள் காப்பீட்டில் இருக்கும் செய்தியை அவர்களே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் அனுப்புவார்கள் (எம்10 என்பார்கள்), அது போகாமல் சேர்க்கை முடியாது. விமானம் இறங்கும் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வரும் நாள்வரை பயணக் காப்பீடு வேண்டும்.

செமஸ்டர் கட்டணத்தை அனுப்பும்போது, பல்கலைக்கழகம் தந்த விண்ணப்ப எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் அப்படியே எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் பணம் போய்ச் சேரும், யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமென்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் தனி.

முதல் மாதத்துக்கு 992 யூரோ போதாது. முன்பணம், முதல் வாடகை, ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு 100 யூரோ வரை, படுக்கை, பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து முதல் தவணையோ, ஜெர்மன் வங்கிக் கணக்கு திறந்து விவரம் கொடுத்த பிறகே வரும். எனவே 2,000 யூரோவாவது தனியாக வையுங்கள், கொஞ்சம் நோட்டாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். நோட்டாகக் கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் அளவு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. இறைச்சி, பால் பொருட்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக்கூடாது. அம்மா கட்டித் தரும் நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், காயவைத்த பொடிகளில் தொல்லையில்லை. மின்சாரம் அங்கும் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். நம் மூன்று முனை ப்ளக்தான் சேராது. அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது, விடுதியில் எந்த அடுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில்.

டிக்கெட் போடும்போது கிழமையைப் பாருங்கள். விடுதிச் சாவியை ஹவுஸ்மைஸ்டர் எனும் பொறுப்பாளர் வேலை நாட்களில், பல இடங்களில் காலை வேளையில் மட்டும் தருவார். வெள்ளி இரவு இறங்கினால் திங்கள்வரை ஹோட்டல் வாடகை, ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். திங்கள் அல்லது செவ்வாய் காலை இறங்குவது நல்லது.

போன முதல் இரண்டு வாரம் முழுக்கக் காகித வேலைதான். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு (ஆன்மெல்டுங்) செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிக் கடிதம் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய ஊர்களில் இதற்கான நேரம் கிடைப்பதே கடினம், இங்கிருந்தே இணையத்தில் பதிவு செய்துகொண்டு போங்கள். பதிவு முடிந்ததும் 11 இலக்க வரி எண் தானாகத் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப்போய்விடுவார். வங்கி அட்டை, பின் எண், காப்பீட்டு அட்டை எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும், ஆகவே முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். அது மோசடியல்ல, டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவர் எண்ணைத் தெரிவித்தால் போதும்.

ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு, நுழைவு விசா காலாவதியாவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேர்காணல் தேதி அதற்குப் பிறகு கிடைத்தாலும் பரவாயில்லை, விண்ணப்பித்த தேதிதான் உங்களைக் காக்கும். இடைக்காலத்துக்கு ஒரு சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகச் செய்யும் ஹிவி வேலை இந்தக் கணக்கில் வராது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிநேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டு நிலை போகும். ஃப்ரீலான்ஸ், சொந்தத் தொழில் எதற்கும் தனி அனுமதி வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மன் மொழியை விட்டுவிட்டால், நிறுவனங்களில் மாணவர் வேலை தேடும்போது அடிபடும். பி1 (இடைநிலைத் தேர்ச்சி) கேட்பது அங்கே சாதாரணம். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1, ஏ2 எனும் தொடக்க நிலைகளை முடித்துப் போகிறவருக்கு முதல் ஆண்டு எளிதாகும்.

இவ்வளவு காகிதத்தில் படிப்பை மறந்துவிடுகிறோம், அங்கேதான் ஆபத்து அதிகம். நம் ஊர் அரியர் பழக்கம் அங்கே செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். சில இடங்களில் எண்ணிக்கைக்குப் பதில், இத்தனை செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் என்று எல்லை இருக்கும். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் படிப்பிலிருந்தே நீக்கம். அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது, ரெசிடென்ஸ் பெர்மிட்டும் ஆடும். எனவே கிளம்புவதற்கு முன் உங்கள் படிப்பின் தேர்வு விதிகளை (ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்) பதிவிறக்கிப் படியுங்கள். ஜெர்மனில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது படியுங்கள். எத்தனை முயற்சி, எந்தப் பாடம் கட்டாயம், தேறிய தேர்வை மதிப்பெண் கூட்ட மறுபடி எழுதலாமா (பெரும்பாலும் முடியாது) என்பதெல்லாம் அதில் இருக்கும்.

முதுகலை பொதுவாக 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணிநேர உழைப்பு. இன்டர்னல் மார்க் என்று தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத பாடங்கள் பல, கடைசித் தேர்வு ஒன்றுதான் முழு மதிப்பெண். 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. முதல் செமஸ்டரிலேயே 35 கிரெடிட் எடுத்து முடித்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். 20 முதல் 25 போதும், கடினமான கட்டாயப் பாடத்தை அடுத்த முறைக்குத் தள்ளலாம்.

வகுப்புக்குப் போவதாலேயே தேர்வுக்குப் பெயர் சேர்ந்துவிடாது. போர்ட்டலில் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. பதிவு செய்துவிட்டுத் தயாராக இல்லையென்றால் விலகவும் ஒரு கடைசி நாள் உண்டு. அதைத் தாண்டிப் போகாமல் இருந்தால் 5.0, ஒரு முயற்சி காலி. காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், மூன்று நாள் கழித்து வாங்கியது எடுபடாது. ஆய்வகம், செமினார் போன்றவற்றுக்கு இடம் குறைவு, பதிவு செப்டம்பர் இறுதியிலேயே திறந்து மூடிவிடுவதும் உண்டு. விசாவுக்காக இங்கே காத்திருக்கும்போதும் பல்கலைக்கழக அஞ்சலையும் போர்ட்டலையும் தினமும் பாருங்கள். கணக்கு இன்னும் திறக்கப்படவில்லையென்றால் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, தாமதமாக வருபவர்களுக்கு இடம் ஒதுக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.